இறைக்காத கிணற்றைப் பார்க்க வந்தவர்கள்

அன்று கிணற்றடியில் நின்றவர்கள் இவ்வளவு பேர். கிணற்றுக்குச் சொந்தக்காரி தங்கேஸ்வரி அக்கா. தன்சானியாவில் கடலோர ஊர்களுக்கு நிலத்தடி நீர் பார்க்கும் பொறியியலாளர் நீமா. அவவோடு வந்த, கமராவும் கொம்பியூட்டரும் தெரிந்த வாத்தியார் ஹமீசி. பாடத்துக்குக் காசு தருவதாகச் சொன்ன ஐரோப்பிய அறக்கட்டளையின் ஆள் மார்ட்டின். வான் ஓட்டிய ஓட்டமாவடி நிசார் நானா. வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்ற, பெயர் சொல்லாத ஒருவர். பிறகு நான். அக்காவின் ஆடு ஒன்றும் நின்றது. ஹமீசியின் கமரா வயரை அது கடித்ததால் அதையும் சேர்க்கிறேன்.

இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று நடந்ததைப் பற்றி மார்ட்டின் தன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் “மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட தவறு” என்று ஒரு வரி இருக்கிறதாம். மொழிபெயர்த்தவன் நான். தவறு எதுவும் ஏற்படவில்லை. நான் பயந்தவன், அதை ஒத்துக்கொள்கிறேன். பாஸ்போட்டை மூன்று பொலித்தீன் பைக்குள் போட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டு தூங்குகிற ஆள். ஆனால் அன்று அக்கா சொன்னதை அக்கா சொன்னபடியேதான் சொன்னேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழுகாமத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் ஐரோப்பாவுக்கென்று ஏஜன்சிக்காரனிடம் காசு கட்டி, அவன் தன்சானியாவில் தார் எஸ் சலாம் பட்டினத்தில் ஒரு அறையில் இருத்திவிட்டு “நாளைக்கு வாறன்” என்று போனவன்தான், இன்னும் வரவில்லை. அங்கேயே ஒரு குஜராத்தி முதலாளியின் கடையில் தண்ணீர்ப் பம்ப் திருத்தப் பழகினேன். ஆங்கிலம் அரைகுறை. சுவாஹிலி சந்தையில் சண்டை பிடித்துப் படித்தது, அதனால் நன்றாக வரும்.

நீமா எங்கள் கடைக்கு வந்தது முதலாளியோடு சண்டை பிடிக்க. கடற்கரை ஊர்களுக்குப் பெரிய பம்ப் விற்காதே என்று சொல்ல வந்தா. முதலாளி சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தார். நான் மூலையில் இருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டே, “எங்கள் ஊரிலும் சுனாமிக்குப் பிறகு எல்லாக் கிணற்றையும் இறைத்தார்கள், எல்லாம் உப்பாய்ப் போனது, எங்கள் அக்கா ஒருத்தி மட்டும் இறைக்க விடவில்லை, அவவின் கிணறு நல்ல தண்ணி” என்றேன். சும்மா வாயில் வந்தது. நீமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. அந்தக் கோப்பையோடு தொடங்கியதுதான் இந்தப் பயணம்.

விஷயம் இது. ஆபிரிக்கக் கரை நெடுகிலும் தண்ணீர், விவசாயம், துறைமுகம் என்று வேலை செய்கிற உத்தியோகத்தர்களுக்குக் காலநிலை மாறுவதைப் பற்றிப் படிக்க வசதியில்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் படிக்க யாரால் முடியும்? ஆகவே இன்ரநெற்றிலேயே பாடங்கள் செய்ய வேண்டும் என்பது நீமாவின் திட்டம். கடல் நீர் கிணற்றுக்குள் ஏறுவது முதல் பாடம். அறக்கட்டளை சொன்னது: முதல் பாடத்துக்கு ஒப்பந்தம் எழுதி ஒரு பங்கு காசு முன்னுக்கும் மிச்சம் முடித்த பிறகும் தருகிறோம், செய்து காட்டுங்கள், பிடித்தால் மற்றப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் காசு. நீமா தன் அலுவலகத்தில் எத்தனையோ பேரின் கேலியைத் தாங்கிக்கொண்டு விடுப்பு எடுத்து வந்திருந்தா. காசு கிடைக்காவிட்டால் பாடமும் இல்லை, அவவுக்குத் திரும்பிப் போய் நிமிர்ந்து நடக்க முகமும் இல்லை. தமிழும் சுவாஹிலியும் தெரிந்த ஆள் உலகத்தில் வேறு யார் இருப்பார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டா.

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். மாரிக்கு முந்திய கடும் வெயில் காலம். நீமாவுக்கு அதுதான் வேண்டும், கிணறு நன்றாகக் கீழே போயிருக்கும்போதுதான் உப்பு உண்மையைச் சொல்லுமாம். எனக்கு விமானத்தில் ஏறினது முதல் ஒரே யோசனை. இத்தனை வருடத்துக்குப் பிறகு போகிறவனை விமான நிலையத்திலேயே பிடித்து வைத்தால் என்ன செய்வது? பிடிக்கவில்லை. “என்ன வேலை?” என்று மட்டும் கேட்டார்கள். “மொழிபெயர்ப்பாளர்” என்றேன். எட்டாம் வகுப்பு படித்த வாயால் அதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வெளியே நிசார் நானா நின்றார். மெல்லிய உடம்பு, பெரிய குரல். நீமாவையும் ஹமீசியையும் பார்த்ததும் என் காதுக்குள், “தம்பி, இவங்க ரெண்டு பேரும் என்ன சாப்பிடுவாங்க?” என்றார். “மனிசர் சாப்பிடுறதுதான் நானா.” “அது தெரியும். உறைப்புத் தாங்குவாங்களா எண்டு கேட்டன்.”

உறைப்பைப் பற்றி ஓட்டமாவடியில் முடிவு தெரிந்தது. வழியில் ரயர் ஒன்று போய், பின்னால் வந்த லொறிக்காரனிடம் ஜக் கடன் வாங்கி வேறு ரயர் மாட்டி, மத்தியானச் சோற்றுக்குப் பதிலாகப் பின்னேரம்தான் நிசார் நானாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற வழக்கம் அவர்களுக்கு. வெளிநாட்டுக்காரரை எப்படி இருத்துவது என்று வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். ஹமீசி யாரையும் கேட்கவில்லை. சலாம் சொன்னார், கையைக் கழுவினார், சம்மணம் கட்டித் தட்டின் ஒரு பக்கத்தில் இருந்து தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். அவர்களுடைய கரையிலும் அப்படித்தான், கலியாண வீட்டில் ஒரே தட்டு.

நிசார் நானா என்னைப் பார்த்துக் கத்தினார். “டேய் தம்பி, இந்த மனிசன் எங்கட ஆள்டா! நீதான் வெளிநாட்டுக்காரன் போல தனிக் கோப்பையில தின்னுறாய்!”

உண்மைதான். எனக்கு வயிற்றைப் பற்றிப் பயம், பக்கத்தில் வெறும் சோறும் தயிருமாக வைத்துக்கொண்டிருந்தேன். நீமா மூன்றாம் தரம் மிளகாய்ச் சம்பல் வாங்கினா.

இரவு பழுகாமத்தில் என் தங்கச்சி வீட்டில் தங்கினோம். வழியில் எத்தனையோ சோதனைச் சாவடி. ஒரு இடத்தில் இளம் சிப்பாய் ஒருவன் நீமாவின் கடவுச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு நேராகப் பிடித்து, “எதற்கு வந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். “கிணறு பார்க்க” என்றா நீமா. அவன் பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொன்னதை நிசார் நானா எங்களுக்குப் பிறகு சொன்னார்: “ஆபிரிக்காவில் இருந்து கிணறு பார்க்க வந்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் நாலு வருடமாகக் கிணற்றில் தண்ணி இல்லை, அங்கேயும் போகச் சொல்லு.” இதற்குள் நான் வியர்த்து நனைந்துவிட்டேன். என் பையில் இருந்தது பல்பசையும் உடுக்கிற சாரமும்தான். ஆனாலும் வியர்த்தது.

அடுத்த நாள் மார்ட்டின் பட்டினத்து விடுதியில் இருந்து வந்து சேர்ந்துகொண்டார். நீண்ட உயரம், கண்ணாடி, மரியாதையான ஆள். எங்கள் தங்கச்சி கொடுத்த இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டு, சொதி முழங்கை வரை வழிய, வெட்கப்பட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் என்று நான் எழுதவில்லை. அப்படி இருந்தால் எழுதுவதற்கு லேசாக இருந்திருக்கும்.

பட்டிருப்புப் பாலத்தடியில் அன்று பெரிய சோதனை, வாகனம் வரிசையாக நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். நிசார் நானா வானைத் திருப்பி, மண்டூர்த் துறைக்கு விட்டார். “பாதையால போவம், சுணங்காது.” பாதை என்பது எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் ஆளையும் ஏற்றி வாவியைக் கடத்துகிற தட்டையான மிதவை. எங்கள் வான், இரண்டு மோட்டார் சைக்கிள், கோழிக் கூடையோடு ஒரு மனிசி, பள்ளிக்கூட ரீச்சர் இருவர் என்று ஏறினோம். நடு ஆற்றில் பாசிக்குள் சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வது. நீமா, “இது ஆறு இல்லையே, ஓடவில்லையே” என்றா. “ஓடாவிட்டாலும் ஆறுதான்” என்றேன். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு நீச்சல் மறந்துபோயிருக்குமோ என்ற பயம். வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹமீசி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பாதைக்காரரோடு சேர்ந்து ஒரு நீளத் தடியால் பாசியைத் தள்ளினார். கோழிக் கூடை மனிசி என்னிடம், “ஆரு மனே இவங்க?” என்றா.

“ஆபிரிக்காவில இருந்து வந்தவங்க அம்மா. படிக்க வந்திருக்காங்க.”

“எங்களிட்டயா?”

“ஓம்.”

அவ கூடையைக் கீழே வைத்துவிட்டு நீமாவை மேலும் கீழும் பார்த்தா. “சுனாமி வந்த நாளையில இருந்து எனக்குப் படிப்பிக்க வந்தவங்களத்தான் கண்டிருக்கன். கை கழுவப் படிப்பிச்சாங்க, காசு சேக்கப் படிப்பிச்சாங்க, அழப் படிப்பிக்கயும் ஒருத்தி வந்தா. படிக்க வாறவங்கள இண்டைக்குத்தான் காணுறன்.” பிறகு நீமாவின் கையைப் பிடித்து ஒரு முட்டையை வைத்தா.

நான் இதை அப்படியே சுவாஹிலியில் சொன்னேன். நீமா முட்டையைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு, மார்ட்டினுக்கு ஆங்கிலத்தில் சொன்னா. அழப் படிப்பித்த கதை வந்த இடத்தில் மார்ட்டின் வாவியைப் பார்த்தார்.

தங்கேஸ்வரி அக்காவின் ஊர் களுதாவளைப் பக்கம். பெயரைச் சரியாகப் போட வேண்டாம் என்று அவ சொன்னதால் போடவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலில் வெற்றிலை, மிளகாய், கத்தரி எல்லாம் வாளித் தண்ணியை நம்பி நிற்கிறது. அக்கா எனக்குப் பெரியம்மாவின் மகள். இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பா, அழுவா என்று பயந்துகொண்டு போனேன். அவ என் தலையைப் பார்த்து, “மயிரெல்லாம் எங்க மனே போட்டுட்டு வந்தாய்?” என்று கேட்டுவிட்டு நீமாவிடம் போய்விட்டா.

கிணறு சின்னது. சீமெந்துக் கட்டு, ஒரு பக்கம் சுனாமியில் உடைந்து பிறகு பூசியது. நீமா ஒரு நீண்ட வயரில் கட்டிய, உப்பு அளக்கிற கருவியை மெதுவாக இறக்கினா. கொஞ்சம் இறக்குவா, பார்ப்பா, எழுதுவா, மறுபடி இறக்குவா. பிறகு பக்கத்து வளவுக் கிணற்றில், அதற்கடுத்த வளவுக் கிணற்றில். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கிணற்றைக் வைத்தியர் சோதிக்கிற நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இப்போதும் குடிதண்ணிக்கு அக்காவிடம்தான் குடம் கொண்டு வருகிறார்கள்.

மத்தியானம் அக்கா மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்துத் தந்தா. சாப்பாட்டில்தான் நீமா விஷயத்தை விளங்கப்படுத்தினா. குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மேலே மிதந்த எண்ணெயைக் காட்டினா. “மழைத் தண்ணி இந்த எண்ணெய் மாதிரி. மணலுக்குள் உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். கரண்டியை மேலாக விட்டு மெல்ல எடுத்தால் எண்ணெய்தான் வரும்.” எடுத்துக் காட்டினா. “அடி வரைக்கும் விட்டுக் கலக்கி இறைத்தால்?” கரண்டியை அடியில் விட்டு ஒரு சுழற்று. எண்ணெயும் குழம்பும் ஒன்றாகப் போயிற்று. “கடல் உள்ளே வந்து ஒருநாள் கொட்டின உப்பை மழை கழுவிவிடும். கீழே கிடந்த உப்பை பம்ப் வைத்து மேலே இழுத்தால் அதைக் கழுவ ஆளில்லை. கடல் உயர உயர இது இன்னும் மோசமாகும்.”

நான் தமிழில் சொல்லி முடிய, அக்கா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா. “இத அண்டைக்கு ஒருத்தர் வந்து சொல்லியிருக்கலாமே.”

நீமா சொன்னா: “அன்றைக்கு எனக்கும் தெரியாது. எங்கள் கரையிலும் தென்னை பட்டுப்போகுது என்று பெரிய பம்பாகப் பார்த்து வைத்தோம். கையெழுத்துப் போட்டது நான்.”

எங்கள் ஊர்க் கதையை இங்கே சொல்ல வேண்டும். செத்த வீடென்றால் முப்பத்தோராம் நாளுக்குள் அந்த வீட்டுக் கிணற்றை முழுக்க இறைத்து ஊற்றி, புதுத் தண்ணி ஊறினால்தான் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, போகும். சுனாமி வந்த அந்த வருடம் செத்த வீடு இல்லாத வளவே இல்லை. எல்லாரும் வாளியால் இறைத்தார்கள். பிறகு உதவிக்கு வந்தவர்கள் பம்ப் கொண்டுவந்து இறைத்தார்கள். ஒரு கூட்டம் இறைத்துவிட்டுப் போக அடுத்த கூட்டம் வந்து அதே கிணற்றை இறைத்தது. இறைக்க இறைக்க உப்புக் கூடியது. உப்புக் கூடக் கூட, இன்னும் சுத்தமாகவில்லை என்று மறுபடி இறைத்தார்கள்.

தங்கேஸ்வரி அக்கா விடவில்லை. அவவின் புருசன், என் அத்தான், சுனாமியில் போன வீடு அது. சொந்தக்காரர் வாளியோடு வந்தபோது கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துகொண்டா. பம்ப் வந்தபோது முற்றம் கூட்டுகிற ஈக்கில்கட்டையைத் தூக்கினா. அத்தானின் சகோதரங்கள் ஒரு வருடத்துக்கு மேல் அவ வீட்டில் தண்ணியில் வாய் நனைக்கவில்லை. துடக்கு வீடு என்று கலியாணத்துக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. “தண்ணி நல்லா வருமெண்டு தெரிஞ்சா செஞ்சன்? எனக்கு அந்தத் தண்ணிய ஊத்த மனம் வரல்ல. அவ்வளவுதான்” என்பா. ஏன் மனம் வரவில்லை என்பதை அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நீமாவுக்குச் சொன்னா. என் வாய் வழியாகத்தான் போனது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கமராவுக்குச் சொல்லாததைப் பேப்பருக்குச் சொல்ல நான் யார்?

பின்னேரம் ஹமீசி கமராவை நிறுத்தினார். ஆடு வயரைக் கடித்தது, கட்டினோம். வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புலனாய்வுக்காரராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் ஒரு சுற்றுக் கும்பிட்டேன்.

அக்கா நன்றாகக் கதைத்தா. எப்போது இறைத்தார்கள், எத்தனை மாரியில் தண்ணி திரும்பியது, வெற்றிலை எப்படிப் பிடித்தது என்று கையைக் காட்டிக் காட்டி. பிறகு மார்ட்டின் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றார். மார்ட்டின் ஆங்கிலத்தில் கேட்பார், நீமா சுவாஹிலியில் எனக்குச் சொல்லுவா, நான் தமிழில் அக்காவுக்கு. அவர் நீளமாகக் கேட்டதை நான் சின்னதாகச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார். சுற்றி வளைத்த மரியாதையெல்லாம் இரண்டு மொழி தாண்டி வரும்போது உதிர்ந்துவிடும், நான் என்ன செய்ய?

கேள்வி: கணவர் இறந்த நாளில் இந்தக் கிணற்றடியில் என்ன நடந்தது?

அக்கா: “கிணறு பாக்க வந்தவங்க கிணத்தக் கேக்கட்டும்.”

மார்ட்டின் இன்னும் மெதுவான குரலில் சொன்னார். பாடத்தைப் பார்க்கிறவர்களுக்கு உணர்வு வர வேண்டும். வெறும் தண்ணீர்க் கணக்கு மனதில் நிற்காது. ஒரு மனிதக் கதை வேண்டும். அவருடைய மேலிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

அக்கா சேலை முந்தானையை இடுப்பில் செருகினா. “அவருக்கு உணர்வு வரணுமெண்டா அவர்ர வீட்டுச் சாவ அவர் சொல்லட்டும். நான் இருந்து கேக்கிறன். தேத்தண்ணியும் ஊத்தித் தாறன்.”

இந்த இடம்தான். மாற்றிச் சொல்ல எனக்கு ஆசை வந்த இடம். நீமாவின் முகத்தைப் பார்த்தேன். மற்றப் பாடங்களுக்கான காசு முழுவதும் இந்த மனிதர் கையில். “அக்காவுக்குக் களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் சொல்லுவா” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பொய்கூட இல்லை, அவவுக்குக் களைப்புத்தான். அக்கா என் பக்கம் திரும்பினா. “சொல்லு மனே. மென்னு போட்டுச் சொல்லாத. நான் சொன்ன மாதிரிச் சொல்லு.”

சொன்னேன். தேத்தண்ணியையும் விடாமல் சொன்னேன். நீமா ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னா. மார்ட்டினின் காது சிவந்தது.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். சரி, அது வேண்டாம் என்றார். ஆனால் இன்னொன்று. பாடத்தில் பம்ப் கதையை விட்டுவிட முடியுமா? மக்கள் தங்கள் வழக்கப்படி இறைத்ததால் கிணறு உப்பாகியது என்று வைத்தால் போதாதா? பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வருடம் கிணறு சுத்தம் செய்யத் தங்கள் அறக்கட்டளையும் காசு கொடுத்தது என்று அவராகவே சொன்னார். மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. அவர் கேட்டது பிடிக்கவில்லை.

நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, நிசார் நானா வானில் சாய்ந்தபடியே, “அடப்பாவி!” என்றார்.

அக்கா சத்தம் போடவில்லை. “நாங்க வாளியால இறைச்சம். அது எங்கட பிழை, போடுங்க. பம் கொண்டுவந்தவங்க சட்டையில பேர் எழுதிப் போட்டுக்கிட்டு வந்தாங்க, படமும் எடுத்தாங்க. அண்டைக்குப் பேர் தெரியணும், இண்டைக்குத் தெரியப்படாதா? ரெண்டு பிழையையும் போடுங்க. இல்லாட்டி என்ட மூஞ்சயப் போடாதீங்க.”

இதையும் அப்படியே சொன்னேன். இந்த முறை நீமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நீமா அதை மார்ட்டினுக்குச் சொல்லி முடித்துவிட்டு, தன்னுடையதையும் சேர்த்தா. ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கும் கேட்கட்டும் என்று சுவாஹிலியில் திரும்பச் சொன்னா. “பெயர் யாருடையதும் வேண்டாம். ஆனால் பம்ப் இல்லாமல் பாடம் இல்லை. எங்கள் கரையில் உத்தியோகத்தர்கள் நாளைக்கு வாங்கப் போவது பம்ப். அதை நிறுத்தத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் காசால் பம்பை மறைக்கிற பாடம் செய்வதானால் எனக்கு அந்தக் காசு வேண்டாம்.”

அப்படியானால் மற்றப் பாடங்களுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் மார்ட்டின். நீமா, “சரி” என்றா. கருவியின் வயரைச் சுற்றி எடுக்கத் தொடங்கினா. ஹமீசி கமராவுக்குப் பின்னால் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “வெளிச்சம் போகுது. அந்த அக்கா பம்ப் கதையை இன்னொரு தரம் சொல்லுவாவா?”

சொன்னா. முதல் தரத்தை விட நன்றாகச் சொன்னா.

முடிந்ததும் மோட்டார் சைக்கிள்காரர் என்னைக் கையால் கூப்பிட்டார். இடுப்பில் பாஸ்போட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். போனேன். “இந்தப் படம் எங்க போகுது?” “ஆபிரிக்காவுக்கு சேர். தண்ணிப் பாடம்.” அவர் வேலிக்கு மேலால் கிணற்றைப் பார்த்தார். “எங்கட வீட்டுக் கிணறும் உப்பு. இறைக்கக் கூடாதெண்டா சொல்லுறாங்க?” “மெதுவா, மேலால அள்ளச் சொல்லுறாங்க சேர்.” தலையாட்டிவிட்டுப் போனார். நான் வானுக்குள் ஏறி அரைப் போத்தல் தண்ணி குடித்தேன்.

போகும்போது மார்ட்டின் அக்காவிடம் கை கூப்பினார். அக்கா அவருக்கும் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்தா. “அவர்ல எனக்கென்ன கோபம். கேட்டாரு, இல்லையெண்டன்.”

அடுத்த நாள் பட்டினத்து நெற் கபேயில் இருந்து படத்தை அனுப்பப் பார்த்தோம். காலையில் ஏற்றத் தொடங்கி, கறண்ட் போய், திரும்பத் தொடங்கி, மத்தியானம் கொத்து ரொட்டி சாப்பிட்டு வந்து பார்த்தால் பாதிகூடப் போகவில்லை. கடைக்காரப் பெடியன், “அண்ணே, இது ஆபிரிக்கா போறதுக்கு முன்னம் நீங்க போயிருவீங்க” என்றான். சரியாகத்தான் சொன்னான். சீடியில் பதிந்து கையோடு கொண்டு போனோம்.

பாடம் இப்போது இன்ரநெற்றில் இருக்கிறது. அக்கா தமிழில் கதைக்கிறா, கீழே சுவாஹிலியும் ஆங்கிலமும் எழுத்தாக ஓடுகிறது. பம்ப் கதை இருக்கிறது, வாளிக் கதையும் இருக்கிறது. மொசாம்பிக்கில் இருந்தும் கென்யாவில் இருந்தும் உத்தியோகத்தர்கள் தங்கள் கிணற்றுக் கணக்கை நீமாவுக்கு எழுதுகிறார்கள். ஒருவர் போர்த்துக்கேய மொழியிலும் எழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார், ஒரு சதமும் கேட்கவில்லை. இரண்டாவது பாடத்தை, கரைச் சேற்றில் வளருகிற கண்டல் காடு பற்றியதை, முதல் பாடத்தைப் படித்தவர்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள். என் முதலாளிகூடக் கொடுத்தார். பெரிய பம்ப் விற்பதை நிறுத்தவில்லை, ஆனால் கொடுத்தார்.

அறக்கட்டளையோ மற்றப் பாடங்களுக்குக் காசில்லை என்று எழுதிவிட்டது. அது அவர்கள் விருப்பம், கேட்டு நிற்க மாட்டோம். ஆனால் முதல் பாடத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, செய்து கொடுத்திருக்கிறோம். அந்தப் பாடத்துக்கான மிச்சக் காசை நிறுத்தி வைத்ததற்குச் சொல்லும் காரணம் மொழிபெயர்ப்பில் தவறு என்பது. அக்கா கதைத்த முழுப் பதிவும் ஹமீசியிடம் வெட்டாமல் இருக்கிறது. தமிழ் தெரிந்த எவரையும் கூட்டி வந்து இருத்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்கட்டும். நானும் பக்கத்தில் இருக்கிறேன், பயந்துகொண்டுதான் இருப்பேன், ஆனால் இருப்பேன். கேட்டு முடித்துவிட்டுத் தர வேண்டியதைத் தரட்டும்: ஆறாயிரத்து நானூறு டொலர்.